ஐகான் போனால் எல்லாம் போச்சா?

சாயங்காலம் கரண்ட் போய், ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. வீட்டு மூலையில் இருக்கும் சிஸ்டத்தைப் போடுகிறார்கள். திரையில் சுவர்ப்படம் வருகிறது, மவுஸ் அம்பு வருகிறது. ஆனால் அடியில் வரிசையாக நின்ற சின்னப் படங்களில் பாதியைக் காணோம். மிச்சமிருப்பவற்றில் சில, மூலை மடங்கிய வெள்ளைத் தாளாக மாறியிருக்கின்றன. "எல்லாம் போச்சு" என்ற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. மறுநாள் காலையில் சிபியுவை ஸ்கூட்டரின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே வைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். "ஓஎஸ் கரப்ட் ஆயிருச்சுண்ணே, ஃபார்மட் போட்டுருவோம்" என்று பதில் வருகிறது. பிள்ளையின் காதுகுத்துப் படங்களும், தை முதல் நாள் மாடியில் நின்று எடுத்த ஜல்லிக்கட்டு வீடியோவும் அந்த ஃபார்மட்டோடு போய்விடுகின்றன.

மதுரையில் எங்கள் அவனியாபுரத்தில் இப்படிப் போன சிபியுக்கள் நிறைய. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவைப்பட்டிருக்காது. பெரியார் பஸ் நிலையத்தில் நிற்கும் அவனியாபுரம் பஸ்ஸின் முன்பலகை கழன்று விழுந்துவிட்டால் பஸ் மாயமாகிவிடுவதில்லை, அது அவனியாபுரத்துக்குத்தான் போகும். ஐகானுக்கும் புரோகிராமுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையை யார் மாட்டுகிறார்கள், எங்கிருந்து எடுத்து மாட்டுகிறார்கள், ஏன் சில நாள் மறந்துவிடுகிறார்கள் என்று பார்க்கப் போனால், கம்ப்யூட்டருக்குள் நடக்கும் வேலைகளில் மிக அழகான ஒன்று நமக்குத் தெரியவரும்.

திரையின் அடியில் இருக்கும் பட்டையை விண்டோஸ் என்ற முழு அமைப்பும் சேர்ந்து வரைவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அதை வரைவது ஒரே ஒரு புரோகிராம். அதன் பெயர் எக்ஸ்புளோரர். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95-இல்தான் ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் முதன்முதலாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தன. அன்றிலிருந்து இன்று வரை டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஃபோல்டரைத் திறந்தால் வரும் ஜன்னல் ஆகியவற்றின் பொறுப்பு எக்ஸ்புளோரரிடமே இருக்கிறது. பாட்டுக் கேட்கும் புரோகிராம், கணக்குப் போடும் புரோகிராம் போல அதுவும் ஒரு புரோகிராம்தான். அது கீழே விழலாம், எழுந்தும் வரலாம். அது விழுந்ததால் மற்றவை விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேடி, அதன் மேல் வலது கிளிக் செய்து, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் அப்படியே மறைந்துவிடும். டெஸ்க்டாப்பில் இருந்தவையும் போய்விடும். பாட்டு மட்டும் நிற்காது. ஓரிரு விநாடியில் பட்டை திரும்பி வரும்போது, காணாமல் போன ஐகான்களில் பலவும் கூடவே வந்து நிற்கும். அந்த மூன்று விசைகளும் எக்ஸ்புளோரரை நம்பி இருப்பவை அல்ல. அது செத்துக் கிடந்தாலும் அவை வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஒரு புரோகிராமை ஒரு குட்டிப் படத்தால் காட்டலாம் என்ற எண்ணத்துக்கு வயது ஐம்பதுதான். டேவிட் கான்ஃபீல்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1975-இல் எழுதிய ஆய்வேட்டில் இந்தப் பொருளில் ஐகான் என்ற பெயரைப் பயன்படுத்தினார். 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கம்ப்யூட்டரில் அது விற்பனைக்கே வந்தது. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காகச் சூசன் கேர் என்ற ஓவியர் கட்டம் போட்ட தாளில் 32-க்கு 32 கட்டங்களை நிரப்பி நிரப்பி ஐகான்களை வரைந்தார். கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறம். ஆக மொத்தம் 1,024 புள்ளிகள். ஒரு படத்தைச் சேமிக்க 128 பைட் போதும். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒரு ஐகானின் பெரிய அளவு 256-க்கு 256 ஆகிவிட்டது. சுருக்காமல் வைத்தால் அந்த ஒரு படமே 2,62,144 பைட். சூசன் கேர் வரைந்த படத்தைப் போல 2,048 மடங்கு!

இவ்வளவு பெரிய படம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அந்தந்தப் புரோகிராமின் கோப்புக்குள்ளேயே, அதுவும் பல அளவுகளில் அடுக்கப்பட்டு இருக்கிறது. டாஸ்க்பாருக்கு ஒரு அளவு, டெஸ்க்டாப்புக்கு ஒரு அளவு என்று எக்ஸ்புளோரர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, தேவையானதைப் பிரித்தெடுத்து வர வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு முள் நகர்ந்து படிக்கச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். நூறு ஐகான், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து தடவை முள் நகர வேண்டும் என்றால், கம்ப்யூட்டரைப் போட்டதும் நாலைந்து விநாடி படங்களுக்காகவே காத்திருக்க வேண்டும். அதனால் எக்ஸ்புளோரர் ஒரு தடவை எடுத்த படத்தைத் தனிக் கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை மூலத்தைத் தேடிப் போகாமல் நகலைப் பார்த்தே வரைந்துவிடுகிறது. இதுதான் ஐகான் கேஷ்.

நம் வீட்டுச் சிக்கலுக்கு வேர் பெரும்பாலும் இந்த நகலில்தான் இருக்கிறது. நகல் கெட்டுப்போனால், மூலம் நன்றாக இருந்தாலும் எக்ஸ்புளோரருக்கு அது தெரியாது. கெட்ட நகலை நம்பி வெள்ளைத் தாளை வரைந்துவிடும். சில நேரம் ஒரு புரோகிராமின் இடத்தில் இன்னொன்றின் படம் வந்து நிற்பதும் இதனால்தான். கேஷ் கோப்பை அழித்துவிட்டால் எக்ஸ்புளோரர் மறுபடி மூலங்களைத் தேடிப் போய்ப் புதிதாக நகலெடுத்துக்கொள்ளும். அழிப்பதற்கென்றே இருக்கும் கோப்பு அது. அதை அழிப்பதால் உங்கள் படமோ பாட்டோ ஒன்றுகூடப் போகாது.

நகல் ஏன் கெடுகிறது என்று கேட்டால் கதை மின்வாரியக் கம்பி வரை போகும். கம்ப்யூட்டர் எதையாவது 'சேவ்' செய்ததாகச் சொல்லும் கணத்தில் அது டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. டிஸ்க் மெதுவானது, நினைவகம் வேகமானது. எனவே விண்டோஸ் எழுத வேண்டியவற்றை நினைவகத்தில் சேர்த்து வைத்து, விநாடிக்கு ஒரு முறை அவற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கை டிஸ்க்குக்கு அனுப்புகிறது. முறையாக 'ஷட் டவுன்' கொடுத்தால் மிச்சம் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே அணைகிறது. விண்டோஸ் 7 வரையிலான எக்ஸ்புளோரர், ஐகான் கேஷைத் தான் முடியும் நேரத்தில்தான் டிஸ்க்கில் எழுதி வந்தது. நடுவில் கரண்ட் போனால் எழுதியது பாதி, எழுதாதது பாதி.

எத்தனை நேரம் போனால் கம்ப்யூட்டர் அணையும்? நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்கான பொதுத் தரநிர்ணயம், சுமார் 16 மில்லி விநாடி வரை மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடித்தால் போதும் என்கிறது. அதாவது ஓர் அலை முழுதாகத் தவறினாலே ஆபத்து. விளக்கு ஒரு முறை கண் சிமிட்டி எரிந்தது என்று நாம் கடந்துபோகும் அந்த நேரத்துக்குள் சிபியு செத்துப் பிழைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும்.

2012-ஐ நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருஷம் மறக்காது. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் ஒரு மணி நேரம் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாகக் கரண்ட் பகலையும் இரவையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2011 செப்டம்பர் 15 அன்று, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியிருந்தது. ஒரே வீட்டில் அப்பாவின் டெஸ்க்டாப் தினமும் ஐந்தாறு முறை அறுந்து விழ, மகளின் லேப்டாப் பேட்டரி இருந்ததால் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. யுபிஎஸ் இருந்த வீடுகளிலும் அதன் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் உப்பிப் போய், வெறும் பெட்டியாக உட்கார்ந்திருப்பது வழக்கம்.

இத்தனை வெட்டுகளுக்குப் பிறகும் அந்த டெஸ்க்டாப்களில் பெரும்பாலானவற்றில் கோப்புகள் பிழைத்திருந்தன என்பதுதான் எனக்கு வியப்பு. அதற்குக் காரணம் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை. 1993-இல் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்காக விண்டோஸ் என்டியோடு வந்தது, 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவில் மாற்றம் செய்வதற்கு முன், என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடும். நடுவில் கரண்ட் போனால், திரும்ப எழுந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, முடிந்ததை முடித்து, முடியாததை ரத்து செய்யும். ஆனால் அந்தக் காவல் கோப்புகளின் அமைப்புக்குத்தான். அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கோப்பு இருக்கும், அளவும் சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே பூஜ்யங்களாக இருக்கும். ஐகான் கேஷ் கெடுவது இப்படித்தான்.

டாஸ்க்பாரின் வலது மூலை தனி உலகம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி, வைஃபை, வைரஸ் காவல் என்று நிற்கும் படங்கள் கேஷிலிருந்து வருபவை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் தானாகவே எக்ஸ்புளோரரிடம் வந்து, "இதோ என் படம், இதை அங்கே வை" என்று கொடுத்துவிட்டுப் போகிறது. எக்ஸ்புளோரர் அந்தப் பட்டியலைத் தன் நினைவில் மட்டும் வைத்திருக்கிறது. அது விழுந்து எழுந்தால் பட்டியல் காலி. அப்போது அது ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் புரோகிராம்களுக்கும் ஓர் அறிவிப்பு விடுக்கிறது. டாஸ்க்பார் புதிதாகப் பிறந்திருக்கிறது என்பதே செய்தி. காது கொடுத்துக் கேட்கும்படி எழுதப்பட்ட புரோகிராம்கள் ஓடி வந்து தங்கள் படத்தை மறுபடி கொடுக்கும். அப்படி எழுதப்படாதவை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், முகம் மட்டும் இருக்காது. இதற்கு நேர் எதிராக, செத்துப்போன புரோகிராமின் படம் மூலையில் அப்படியே நிற்பதும் உண்டு. அதன் மேல் மவுஸைக் கொண்டுபோகும்போதுதான் எக்ஸ்புளோரர் விசாரித்துப் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்து, சட்டென்று எடுத்துவிடும். அடுத்த முறை நடக்கும்போது கவனித்துப் பாருங்கள், மவுஸ் போகப் போக ஒவ்வொன்றாக மறையும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த மூலை வெறும் அலங்காரம் இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், தமிழா குழுவின் இ-கலப்பை, சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர் என்று இருபது இருபத்தைந்து வருஷமாக நம் டிடிபி சென்டர்களிலும் வீடுகளிலும் தமிழ் எழுத உதவிய மென்பொருள்கள் அந்த மூலையில்தான் குடியிருந்தன. இப்போது தமிழா, இங்கிலீஷா என்பதை அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். படம் மறைந்தால் மென்பொருள் போய்விட்டது என்று நினைத்து மறுபடி நிறுவப் போனவர்கள் பலர். உண்மையில் விசைகளைப் பிடித்து எழுத்தாக மாற்றும் வேலைக்கும் எக்ஸ்புளோரருக்கும் சம்பந்தம் இல்லை. படம் இல்லாமலே தமிழ் வந்துகொண்டிருக்கும். பாஸ்வேர்டு அடித்தால் 'தவறு' என்று வருகிறதே எனத் திகைக்கும் நேரத்தில், பல தடவை இந்தக் கண்ணுக்குத் தெரியாத தமிழ் விசைப்பலகைதான் காரணமாக இருக்கும். விண்டோஸோடு வரும் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மொழியைக் காட்டும் குறி போய்விட்டால் விஷயம் கொஞ்சம் வேறு. அதைக் கவனிக்கும் சிடிஎஃப்மான் என்ற புரோகிராம் நின்றிருக்கலாம். விண்டோஸ் 10-இல் அது நின்றால் தேடும் பெட்டியில் ஓர் எழுத்துக்கூட அடிக்க முடியாமல் போகும்.

மறைந்ததாக நினைப்பவற்றில் சில மறையவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலை இல்லாமல் நிற்கும் படங்களை ஒளித்துவைக்கும் பழக்கம் 2001-இல் எக்ஸ்பியோடு தொடங்கியது. மூலையில் இருக்கும் சின்ன மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் அவை உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இடது பக்கமோ நடுவிலோ நாமே 'பின்' செய்து வைக்கும் ஐகான்கள் மூன்றாவது வகை. 2009-இல் விண்டோஸ் 7-இல் இந்த வசதி வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் குறுக்குவழிக் கோப்பு என்ற ஒரு சிறு கோப்பு இருக்கிறது. புரோகிராம் இருக்கும் இடத்தின் முகவரிதான் அதில் முக்கியம். அந்தக் கோப்பு போனால் ஐகான் போகும், புரோகிராம் இருந்த இடத்தில் இருக்கும். 2023 ஜனவரி 13 அன்று இதை உலகமே பார்த்தது. மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பில் இருந்த பிழையால், அதன் குறிப்பிட்ட விதி ஒன்றைப் பயன்படுத்திய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் குறுக்குவழிக் கோப்புகள் ஆபத்தானவை என்று தவறாகக் கருதப்பட்டு அழிக்கப்பட்டன. வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகம் வந்தவர்களின் டாஸ்க்பாரும் ஸ்டார்ட் மெனுவும் வெறிச்சோடிக் கிடந்தன. புரோகிராம் ஒன்றுகூடப் போகவில்லை. மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பைத் திருத்தியது, குறுக்குவழிகளை மறுபடி உருவாக்க ஒரு சிறு நிரலையும் வெளியிட்டது. அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

ஆகவே வீட்டில் ஐகான் போனால் முதலில் அம்பை அழுத்திப் பாருங்கள். அடுத்து மேலே சொன்ன மூன்று விசைகளை அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான சிக்கல் இங்கேயே தீரும். வெள்ளைத் தாள்கள் அப்படியே நின்றால் கேஷை அழிக்க வேண்டும். தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை அது. பின் செய்தவை மட்டும் போயிருந்தால் ஸ்டார்ட் மெனுவில் அந்தப் புரோகிராமைத் தேடி மறுபடி பின் செய்துகொள்ளலாம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நிதானம் தேவை. ஐகான்களோடு சுவர்ப்படமும் மாறி, டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகளும் காணாமல் போய், தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்ற அறிவிப்பு வந்தால், உங்கள் பயனர் கணக்கை விண்டோஸால் திறக்க முடியவில்லை என்று பொருள். உங்கள் கோப்புகள் பழைய ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். ஆனால் இந்தத் தற்காலிகக் கணக்கில் இப்போது புதிதாகச் சேமிப்பது எதுவும் வெளியேறியதும் அழிந்துவிடும். அதில் எதையும் எழுதாமல் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, சரியாகவில்லை என்றால் உதவி தேடுங்கள். இதே போல ஐகான்கள் வாரத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டே இருந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, மற்ற எதையும் செய்வதற்கு முன் படங்களையும் முக்கியக் கோப்புகளையும் பென்டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகலெடுத்து விடுங்கள். அங்கே நோய் ஐகானில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம். நம் ஊர்க் கடைப் பையன்கள் கைதேர்ந்தவர்கள். ஃபார்மட் போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், காரணத்தைத் தேடினால் அரை நாள் ஆகும் என்பதால்தான் அந்த வழியைச் சொல்கிறார்கள். சிபியுவை மேசையில் வைத்ததும் "ஃபைல்களை முதலில் காப்பி எடுங்க தம்பி, ஐகான் கேஷை அழிச்சுப் பாருங்க, இன்னொரு யூசர் அக்கவுண்ட் போட்டுப் பாருங்க, அப்புறம் ஃபார்மட்டைப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.